மிளகின் குளியல்

"ஆரோன், உன் நாய் நாறுது. மாடிப்படி ஏறவே முடியலை" என்றார் வீட்டுக்கார ரத்தினபாய் டீச்சர், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஆரோன் கட்டிலடியில் படுத்திருந்த கறுப்பு நாயைப் பார்த்தான். தன்னைப் பற்றித்தான் பேச்சு என்று தெரிந்ததுபோல் மிளகு வாலை ஒருமுறை தரையில் தட்டியது.

"எனக்கு ஒண்ணும் தெரியலையே, டீச்சர்."

"கூடவே கிடக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? நாளைக்குக் காலைல நான் சர்ச்சுக்குக் கிளம்புறதுக்குள்ள நாத்தம் போகணும். இல்லைன்னா படப்பையிலேர்ந்து என் தம்பி வந்து ஓட்டிக்கிட்டுப் போயிடுவான். தோட்டத்துக் காவலுக்கு நாய் வேணும்னு அவனும் கேட்டுக்கிட்டே இருக்கான்."

ஆரோன் குனிந்து மிளகின் முதுகில் கை வைத்தான். சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில் மழையில் நடுங்கிக் கிடந்த குட்டியை அவன் மனைவி ஜோசலின்தான் துப்பட்டாவில் சுற்றி எடுத்துவந்தாள். அவள் போய் ஐந்து மாதம். இந்த வீட்டில் அவனைத் தவிர மூச்சு விடுவது மிளகு மட்டும்தான்.

"குளிப்பாட்டிடுறேன், டீச்சர்."

"நாயை மட்டும் கழுவினாப் போதாது. அது புரள்ற பெட்ஷீட், தலையணை உறை எல்லாத்தையும் துவை. ஜன்னலைத் திற. அப்புறம் அந்தத் தாடி... அதுல வந்து மூஞ்சியைத் தேய்க்குதுல்ல? அங்கேயும் வாடை ஒட்டியிருக்கும். எடுத்துடு."

மிளகைக் குளிப்பாட்டுவது ஜோசலினின் வேலையாக இருந்தது. வெதுவெதுப்பான தண்ணீர், காதுக்குள் தண்ணீர் போகாமல் பஞ்சு, பிறகு விரலிடுக்குவரை துண்டால் ஒற்றி எடுப்பாள். ஈரம் தங்கினால்தான் நாறும் என்பாள். மக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டும் ஆரோனின் வேலை. "ரெண்டுல எது சமத்துன்னு பாக்கலாம்" என்று அவன் தலையிலும் ஒரு மக் ஊற்றிவிட்டுச் சிரிப்பாள்.

இன்று மக்கும் அவனே, பஞ்சும் அவனே. நுரையோடு மிளகு ஓர் உதறு உதறியதில் ஆரோன் தெப்பமாக நனைந்தான். வேறு வழியில்லை, அவனும் குளித்தான். தாடியை எடுத்தான். கட்டிலில் கிடந்த அத்தனை துணியையும் துவைத்துக் கொடியில் போட்டான். ஜன்னலைத் திறந்தபோது சிட்லபாக்கம் ஏரிக்காற்று உள்ளே வந்தது. அது மேலே பட்டும் நாளாகியிருந்தது.

மறுநாள் காலை, ஜோசலின் தேய்த்து மடித்து வைத்திருந்த சட்டை ஒன்றைப் போட்டுக்கொண்டு, மிளகோடு கீழே இறங்கினான்.

கையில் பைபிளோடு நின்றிருந்த டீச்சர் அவனருகே வந்து மூச்சை ஒருமுறை இழுத்துவிட்டார்.

"ம்... சுத்தமாப் போயிடுச்சு. தம்பியை வர வேண்டாம்னு சொல்லிடுறேன்."

"டீச்சர், நீங்க மிளகைக் குனிஞ்சுகூடப் பாக்கலையே?"

டீச்சர் பையிலிருந்து போனை எடுத்து, எதையோ தேடி, அவனிடம் நீட்டினார். ஜோசலின் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய கடைசி வாட்ஸ்அப்.

'டீச்சர், எனக்கப்புறம் அவர்கிட்ட குளிங்க, ஷேவ் பண்ணுங்கன்னு சொன்னா காதுலயே வாங்க மாட்டார். மிளகு நாறுதுன்னு சொல்லுங்க. எழுந்திருச்சிடுவார்.'