கிரேடியன்ட் காட்டிய உச்சி

உச்சிக்கு வந்துவிட்ட பெருமையில் காலேப் இரண்டு கையையும் இடுப்பில் வைக்க, பிடி விட்ட டீ கேன் பாறையில் உருண்டு போனது.

சபையார் நாற்பது பேருக்கான டீ.

"இன்னா சார், டீயும் உங்க கணக்கு காட்டுன வழியிலதான் போவுதா?" என்றாள் கேசியா.

"இல்ல கேசியா, அது நேரெதிர் தெச. கணக்கு கரெக்டுதான்."

காலேப் திருப்பதியில் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்குக் கணக்கு நடத்துபவன். ஈஸ்டர் விடியற்கால ஆராதனைக்காகச் சபையே குடிபாலா பக்கத்து மலையில் பாதையோடு சுற்றிச் சுற்றி ஏற, ஆடு போகிற வழியில் மனுஷன் போவானா என்று இவன் மட்டும் பாதையை விட்டு விலகினான். நிற்கிற இடத்தில் எந்தப் பக்கம் அதிகச் செங்குத்தோ, அந்தப் பக்கம் ஓர் அடி வை. அங்கே நின்று மறுபடி பார், மறுபடி வை. அதுதான் கிரேடியன்ட். சீக்கிரம் உயர அதைவிட நல்ல திசை கிடையாது.

புத்தியுள்ளவர்கள் யாரும் கூட வரவில்லை. சித்தூரில் நர்ஸாக இருக்கும் கேசியா வந்தாள்.

சபைப் போதகரான ஐயர் மூலமாக அவளைப் பெண் கேட்டு, ஒரு மாதமாகப் பதில் வராமல் தூக்கம் கெட்டுக் கிடப்பவனுக்கு இதைவிட வேறென்ன பதில் வேண்டும்? முள் கிழித்த பேன்ட்டோடு, மனசுக்குள் கல்யாணப் பத்திரிகை அடித்துக்கொண்டே ஏறினான்.

இப்போது பாட்டுச் சத்தம் கேட்டது. மேலேயிருந்து.

அண்ணாந்து பார்த்தான். நடுவில் ஒரு பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் நிஜ உச்சி. சபையார் குருவி அளவில் தெரிந்தார்கள்.

இவன் நின்ற பாறையில் எந்தப் பக்கம் கால் வைத்தாலும் இறக்கம்தான்.

கிரேடியன்ட் பொய் சொல்லவில்லை. அதற்குக் காலடி மேடு மட்டும்தான் தெரியும். இதையேதான் வருஷா வருஷம் போர்டில் எழுதி, கவனிக்காத பிள்ளைகளை வெளியே நிற்க வைக்கிறான்.

"வழி தப்புன்னு உனக்குத் தெரியலியா?"

"மொதப் பாறையிலயே தெரியும். சின்னப் புள்ளையில இருந்து வந்துக்கினு இருக்கேனே."

"அப்புறம் ஏன் என் கூட வந்த?" வாயெல்லாம் பல்லாகக் கேட்டான் காலேப்.

கேசியா தண்ணீர் பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடிங்க மொதல்ல. ஐயர் கிட்ட சொன்னா, உங்களுக்கு ஆறுதல் கெடைக்கணும்னு சபையில ஜெபமே பண்ணிடுவாரு. தனியா, நேர்ல சொல்லணும்னுதான் வந்தேன். எனக்கு உங்கள கட்டிக்க இஷ்டமில்ல சார்."