கோடு விழாத படம்

திரையில் பச்சைக் கோடுகள் சட்டென்று நின்றன.

"அப்பாடா!" சிவரஞ்சனி உட்கார்ந்தபடியே கை தட்டினாள். அசன் பாய் பேசி முடித்துவிட்டார்.

ஒரு மாதமாக உயிரை வாங்கிய கோடுகள்.

கூமாப்பட்டி மலையடிவாரத்தில், ஒரு தகரக் கொட்டகையில் ராடாரை வைத்துக்கொண்டு, தலைக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் அயனி மண்டலத்தைப் படம் பிடிப்பது அவள் வேலை. சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிக் கொஞ்ச நேரத்தில் அங்கே அடியிலிருந்து பெரிய பெரிய குமிழிகள் கிளம்பும், உலை கொதிக்கிற மாதிரி. அவை எழும்பினால் போனில் வழி காட்டுகிற மேப்கூடத் தடுமாறும். ஆனால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ராடாருக்குத்தான் தெரியும்.

சரியாக அந்த நேரம் பார்த்துத்தான் பக்கத்துத் தோட்டத்து சங்கிலிப்பாண்டி மோட்டாரைப் போடுவார். படம் முழுக்கக் கோடு விழும். குமிழி எது, கோடு எது என்று பெற்ற தாய்க்கும் அடையாளம் தெரியாது.

அவளும் போய்க் கேட்டுப் பார்த்தாள். மனிதர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். "மக்காச்சோளம் காயுது டீச்சர். ஒங்க மிஷினுக்காகத் தண்ணி பாய்ச்சாம இருக்க முடியுமா?" என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார். அவள் டீச்சர் இல்லை. படித்த பெண் என்றால் அவருக்கு டீச்சர்தான்.

நாளைக் காலைக்குள் ஒரே ஒரு சுத்தமான படமாவது அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் ராடாரைக் கழற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அவளுடைய ஆராய்ச்சி, ராடாரைப் பழுது பார்க்கிற அசன் பாயின் வேலை, எல்லாம் அதோடு போச்சு.

அதனால்தான் பாய் கிளம்பினார். நோன்பு மாதம். பள்ளிவாசல் கஞ்சியைத் தூக்குவாளியில் வாங்கி வைத்திருந்தார். "வருசா வருசம் சங்கிலி மாமனுக்குக் கஞ்சி குடுக்கிறதுதான். கஞ்சியக் கையில வச்சிக்கிட்டு கேட்டா மனுசன் எப்படி மாட்டேம்பாரு?" என்று சிரித்தார். இருவரும் ஒருவரையொருவர் மாமன் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நோன்பு திறக்க நேரமாச்சே பாய். ரோட்டைச் சுத்தாம வரப்பு வழியாப் போயிட்டு வாங்க." அவள்தான் சொல்லி அனுப்பினாள்.

இப்போது திரையில் குமிழி எழும்பிக்கொண்டிருந்தது. மேலே, இன்னும் மேலே. மருந்துக்குக்கூட ஒரு கோடு இல்லை. இப்படி ஒரு படத்தை அவள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். கண் கலங்கிவிட்டது.

வாசலில் செருப்புச் சத்தம். சங்கிலிப்பாண்டி வந்து நின்று, கொட்டகை விளக்கை அண்ணாந்து பார்த்தார்.

"இங்க கரண்டு இருக்கா? அப்ப எனக்கு மட்டுந்தான் போயிருக்கு."

"ரொம்ப நன்றி அண்ணாச்சி. பாய் சொன்னதும் மோட்டார நிறுத்திட்டீங்க."

"நான் எங்க நிறுத்தினேன்? ப்யூஸ் போயிருச்சு போல. கஞ்சி கொண்டாரேன்னு போன் போட்டாரு மாமன், இன்னும் ஆளக் காணம்."

"வரப்பு வழியாத்தானே வந்தாரு..."

அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

"வரப்பு வழியாவா? ஐயோ டீச்சர், நான் தினமும் போடுறது மோட்டார் இல்ல. பன்னிக்காகக் கம்பியில கரண்டு விட்டிருக்கேன்."

செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள். முள் குத்தியது தெரியவில்லை. கை தட்டினேனே, கோடு நின்றதும் கை தட்டினேனே என்பதுதான் மண்டைக்குள் ஓடியது. சோளத் தோகை உரசி உரசிப் பொறி தட்டிய கம்பிதான் இத்தனை நாளும் கோடு போட்டிருக்கிறது. அவளும் பாயும் அதை மோட்டார் என்று நம்பி, தினமும் அதைத் திட்டிக்கொண்டே டீ குடித்திருக்கிறார்கள்.

தூரத்தில் பள்ளிவாசலில் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள்.

வரப்பு முடிகிற இடத்தில் அசன் பாய் உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்துதான் இருந்தார். வேட்டியெல்லாம் சேறு. வாய்க்காலில் கால் வழுக்கியிருக்கிறது. கையிலிருந்த தூக்குவாளி அவருக்கு முன்னால் பறந்துபோய், கம்பிக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் நடுவில் விழுந்து, ப்யூஸைப் போக்கிவிட்டுக் கருகிக் கிடந்தது. கஞ்சி மண்ணில் கிடந்தது. இன்னும் ஓர் எட்டு வைத்திருந்தால் அவர்தான்.

"மாமா!" சங்கிலிப்பாண்டி அவர் காலடியில் பொத்தென்று உட்கார்ந்து சின்னப்பிள்ளை மாதிரி அழுதார்.

பாய் சட்டைப்பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்தார். கை உதறியதில் அது வாய்க்குப் போகவில்லை. சங்கிலிப்பாண்டியே வாங்கி, கொட்டையை எடுத்துவிட்டு, அவர் வாயில் வைத்தார்.

பாய் மெதுவாக மென்றார். பிறகு சிவரஞ்சனியை நிமிர்ந்து பார்த்தார்.

"கோடு நின்னுச்சா தங்கச்சி? படம் வந்துச்சா?"

சங்கிலிப்பாண்டியும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். அந்தக் கண்ணில், வந்திருந்தால் நல்லது, இன்றோடு இவர்கள் பாடு முடிந்தது, இனிக் கம்பியை எடுக்கச் சொல்ல மாட்டார்கள் என்கிற ஆசுவாசம் எட்டிப் பார்த்தது. அவருக்குப் பின்னால் சோளம் கதிர் முற்றி நின்றது. மலையிலிருந்து பன்றி நாளைக்கும் இறங்கும்.

"வரல பாய்," என்றாள் சிவரஞ்சனி. "இந்தக் கம்பி இருக்கிற வரைக்கும் வராது."

பாய் தலையைக் குனிந்துகொண்டார்.

சங்கிலிப்பாண்டி கருகிய தூக்குவாளியைப் பார்த்தார். பிறகு எழுந்து, மோட்டார் கொட்டகைக்குப் போய் வயரைப் பிடுங்கிவிட்டு வந்து, கம்பியைச் சுருட்ட ஆரம்பித்தார்.