கம்பி பேசாத ஷிஃப்ட்

“கம்பி வழியா யாருகிட்டடா சேதி சொன்னே?” என்று கேட்டார் காவல் இன்ஸ்பெக்டர் கிளாரன்ஸ்.

“யாருகிட்டயும் சொல்லலீங்க தொரை,” என்றான் ஏசுபாதம்.

சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட் குழியின் வாயை ஒட்டிய தகரக் கொட்டகையில் இருவரும் நின்றிருந்தார்கள். சுவரில் டெலிபோன் பெட்டி. சுரங்கத்துக்கு அது வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மேலே கைப்பிடியைச் சுற்றினால் பூமிக்கடியில் கல் வெட்டும் லெவலில் மணி அடிக்கும். அங்கே முனிரத்தினம் எடுத்துப் பேசுவான். மேலே பேசுவது ஏசுபாதத்தின் வேலை. கல் எவ்வளவு ஏறுது, வெடிமருந்து வேணுமா, எவனுக்காவது அடிபட்டுதா, அவ்வளவுதான் பேச்சு.

ஆனால் கீழே தங்கக் கல் களவு போய்க்கொண்டிருந்தது. காவல்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சோதனைக்கு இறங்கிப் பார்த்தார்கள். இறங்கும்போதெல்லாம் கீழே பாட்டும் வேலையுமாக இருந்தது; எவன் மடியிலும் ஒரு துணுக்குக் கல் இல்லை.

“எங்க ஆளுங்க கேஜ் கூண்டுல எறங்கறதுக்குள்ள சேதி எறங்கிடுது. கேஜைவிட வேகமா போறது இந்தக் கம்பி ஒண்ணுதான்.”

“கம்பி போவுது தொரை. நான் அனுப்பலியே.”

“ஞாயித்துக்கெழம கோயில்ல நீதான் பாட்டு எடுக்கறியாமே. பாட்டும் எடுத்து, கல்லும் எடுக்கறியா?”

“பாட்டு மட்டுந்தாங்க.”

“உன் பொஞ்சாதி காதுல புதுக் கம்மல் மின்னுதாம்.”

“பித்தளைங்க. ஆண்டர்சன்பேட்டையில வாங்கினது. வேணும்னா ஒரசிப் பாருங்க.”

“பாத்தாச்சு. பித்தளைதான்,” என்றார் கிளாரன்ஸ் கசப்பாக.

பையிலிருந்து குறடு ஒன்றை எடுத்து, டெலிபோன் பெட்டியிலிருந்து கம்பியைத் தானே கழற்றினார்.

“இன்னிக்குக் கம்பி பேசாது. நானே எறங்கறேன், நீயும் கூட வர்றே. கீழ எவனாவது மாட்டினா, இத்தனை நாளும் சொன்னது நீதான்னு ஆயிடும். பேரை வெட்டி, சாயந்தரமே மாரிகுப்பத்துல ரயிலேத்திடுவேன்.”

“மாட்டலைன்னா தொரை?”

“நீ சுத்தம். பெரிய தொரைகிட்ட நானே சொல்றேன்.”

ஏசுபாதத்தின் மனைவி பாக்கியவதிக்கு நிறைமாதம். பேரை வெட்டினால் கம்பெனி கொடுத்த லைன் வீடும் போய்விடும். ஒரு சுரங்கத்தில் வெட்டியவனை இன்னொரு சுரங்கம் சேர்க்காது. வடார்க்காட்டுக்குத் திரும்பினால் அங்கே கிணறே காய்ந்து கிடக்கிறது.

கேஜ் அருகே, அதை இறக்கி ஏற்றும் எஞ்சின்காரருக்கு மணி அடித்துச் சைகை சொல்லும் வேலு நின்றிருந்தான். ஏசுபாதத்தைப் பார்த்து, “இன்னாண்ணே, நீயும்…” என்று ஆரம்பித்தான்.

“வாயைத் தொறக்காதே,” என்றார் கிளாரன்ஸ். “யாரும் இவன்கிட்ட பேசக் கூடாது.”

காவல்காரர்கள் ஏறினார்கள். ஏசுபாதத்தை நடுவில் நிறுத்தினார்கள். கிளாரன்ஸ் ஒரு காலை உள்ளே வைத்தார். இடுக்கு வழியே கீழே இருட்டைப் பார்த்தார். காலை வெளியே எடுத்தார்.

“தொரை எறங்கறது மொத தடவையா?” என்று ஏசுபாதம் தணிந்த குரலில் கேட்டான்.

“அதனால இன்னா?”

“கல்லைப் போட்டாப்ல விடுவாங்க. முன்ன ஒரு எஞ்சினீர் தொரை கேஜ்லயே வாந்தியெடுத்துட்டாரு. கீழ ஆளுங்க இன்னும் சொல்லிச் சிரிக்கறானுங்க. மெதுமணி அடிக்கச் சொன்னீங்கன்னா எஞ்சின்காரர் பாத்து எறக்குவாரு.”

கிளாரன்ஸ் அவன் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“இதுல ஏதும் சூது இல்லியே?”

“நானும் இதே கயித்துலதான தொங்கப் போறேன் தொரை.”

கிளாரன்ஸ் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு ஏறினார். “வேலு, மெதுமணி அடி.”

வேலு மணியை இழுத்து இழுத்து விட்டு அடித்தான். கேஜ் சப்பரம் போல அசைந்து இறங்கியது.

கீழே மெழுகுவத்தி வெளிச்சத்தில் எல்லாரும் பாறை துளைத்துக்கொண்டிருந்தார்கள். காவல்காரர்கள் இடுப்புத் துணியை உதறினார்கள், தலைப்பாகையை அவிழ்த்தார்கள், கஞ்சித் தூக்கில் கை விட்டுத் துழாவினார்கள். கஞ்சிதான் இருந்தது.

“தொரை, டெலிபோன் செத்துக் கெடக்குது,” என்றான் முனிரத்தினம். “சுத்தினா சத்தமே காணோம்.”

கிளாரன்ஸ் கடைசிக் கஞ்சித் தூக்கையும் தானே சாய்த்துப் பார்த்தார். பிறகு ஏசுபாதத்தின் தோளில் கை வைத்தார்.

“உன்னைத் தப்பா நெனச்சிட்டேன். பேரு வெட்ட மாட்டேன், போ. கம்பியை நானே மாட்டித் தர்றேன்.”

சொல்லிவிட்டுத் தன் காவல்காரர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கிளாரன்ஸையும் காவல்காரர்களையும் ஏசுபாதத்தையும் ஏற்றிக்கொண்டு கேஜ் மேலே போய் மறைந்தது. முனிரத்தினம் சேற்றுக் குழியில் முழங்கை வரை விட்டு ஒரு துணி மூட்டையை வெளியே இழுத்தான். புதிதாகச் சேர்ந்த வாசு வாயைப் பிளந்தான்.

“கம்பிதான் செத்துப் போச்சே. தொரை வர்றாருன்னு எப்படிண்ணே தெரிஞ்சுது?”

“கூலிக்காரனை எறக்க என்னிக்குடா மெதுமணி அடிச்சாங்க? அந்தச் சத்தம் ஷாஃப்ட் அடி வரைக்கும் கேக்கும்,” என்றான் முனிரத்தினம், கல்லைத் துடைத்துக்கொண்டே. “இத்தனை நாளா ஏசுபாதம் கம்பியில சொன்னான், இன்னிக்குத் தொரையை விட்டே சொல்ல வெச்சிட்டான். அவன் பங்கை மொதல்ல எடுத்து வை.”