சங்கரி தீதியின் இடைவெளி

"சங்கரி தீதியை கன்ட்ரோல்ல இருந்து தூக்கணும் அண்ணாச்சி. இல்லேன்னா நம்ம கிளப் உருப்படாது!"

கொல்கத்தா லேக் மார்க்கெட் டிபன் கடையில் உட்கார்ந்து, வடையைச் சாம்பாரில் முக்கிக்கொண்டே தீர்ப்புச் சொன்னான் முகுந்த்.

கல்லாவில் இருந்த குமரவேல் அண்ணாச்சி நிமிர்ந்தார். "அவ என்னடே செஞ்சா உன்னைய?"

"நீங்களும்தானே நெட்டுல இருக்கீங்க? 'அடுத்து யாரு'ன்னு கேக்கறாங்க. அப்புறம் ஒரே மௌனம். ஒரு டீ குடிச்சிட்டு வந்துடலாம். இப்படி ஆளாளுக்கு ஒரு இடைவெளி விட்டா, புதுசா கேக்கறவன் ரேடியோ ரிப்பேர்னு ஆஃப் பண்ணிட்டுப் போயிடுவான்."

நெட் என்றால் இன்டர்நெட் இல்லை. கொல்கத்தாவில் இருக்கும் தமிழ் ஹாம் ரேடியோக்காரர்கள் ஞாயிறு காலை ஒரே அலைவரிசையில் கூடி அரட்டை அடிப்பதுதான் நெட். ஒருவர் கன்ட்ரோலாக இருந்து வரிசையாகக் கூப்பிடுவார். இல்லாவிட்டால் அது மீன் சந்தைதான். சால்ட் லேக்கில் இருக்கும் சங்கரிதான் ரொம்ப நாளாகக் கன்ட்ரோல். இளசுகளுக்கு அவள் 'தீதி', பெங்காலியில் அக்கா.

முகுந்துக்கு ஐ.டி. கம்பெனி வேலை. ஆனால் உயிர் ஹாம் ரேடியோ. ஒரு காலேஜ் விடாமல் போய்ப் பேசுவான்.

"எனக்குத் திக்குவாய்ங்க. போன்ல 'ஹலோ' சொல்றதுக்குள்ள எதிராளி வச்சிடுவான். ஹாம் மைக்கைக் கையில பிடிச்ச முதல் நாளே பேச்சு வந்துடுச்சு! இப்போ எவனாவது என் வாயை மூடச் சொல்லுங்க பார்ப்போம்!"

கைத்தட்டல் அள்ளும். அந்தப் பேச்சைக் கேட்டே பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கியவர்கள் நிறைய. கடைசியாக வாங்கியவள் அகிலா. அவளுக்கும் முதல் எழுத்து தொண்டையிலேயே நின்றுவிடும்.

விஷயம் சங்கரி காதுக்குப் போனது. சண்டை வரும் என்று எல்லோரும் காத்திருக்க, அவள் சிரித்துவிட்டாள்.

"அதுக்கென்ன, அடுத்த வாரம் முகுந்தே நடத்தட்டும். காதை மட்டும் தீட்டி வச்சுக்கோப்பா."

அடுத்த ஞாயிறு, அண்ணாச்சி கடையிலேயே ரேடியோவை வைத்து உட்கார்ந்தான் முகுந்த். தோசை சாப்பிட வந்தவர்களும் கேட்கட்டும், நாலு பேர் கிளப்பில் சேரட்டும் என்று ஸ்பீக்கர் வேறு.

ஆரம்பிக்கும் முன் அகிலாவிடமிருந்து வாட்ஸ்அப்: 'இன்னிக்குத்தான் முதல் தடவை பேசப்போறேன். இன்னிக்குப் பேச்சு வரலேன்னா ரேடியோவைப் பரண்ல போட்டுடுவேன்.'

'வரும்! என்னைப் பார்!' என்று தட்டிவிட்டான்.

நெட் எக்ஸ்பிரஸ் ரயிலாகப் பறந்தது. கூப்பிடுவான், பதில் வரும், அடுத்த ஆள். கடையில் இருந்தவர்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"புது ஸ்டேஷன் யாராவது இருக்கீங்களா?"

பதில் இல்லை.

"புது ஸ்டேஷன்?"

பதில் இல்லை. தூங்கிவிட்டாளா இந்த அகிலா?

"சரி, யாரும் இல்லை. இத்துடன் நெட்..."

"பிரேக்! பிரேக்!"

சங்கரியின் குரல். அவசரம் என்றால் மட்டும்தான் இப்படிக் குறுக்கே வருவார்கள்.

"முகுந்த், முடிச்சிடாதே. ஆள் இருக்காங்க."

"எங்க தீதி? ஒரு சத்தமும் காணோமே?"

"அதைத்தான் சொல்றேன். யாரும் மைக் பட்டனை அமுக்கலேன்னா ரேடியோ சும்மா இரையும். ரெண்டு தடவையும் அந்த இரைச்சல் அடங்கிச்சு. யாரோ அமுக்கிட்டுப் பேச முடியாம நிக்கறாங்க. இன்னொரு தடவை கூப்பிடு. கூப்பிட்டுட்டுச் சும்மா இரு."

ஹாம்காரனுக்கு இது பால பாடம். வேகத்தில் மறந்துபோயிருந்தான். முகுந்துக்கு முகம் சிவந்துவிட்டது.

"புது ஸ்டேஷன்... வாங்க. அவசரமே இல்லை."

இரைச்சல் அடங்கியது. மௌனம். "ரெண்டு நெய் ரோஸ்ட்!" என்று கத்த வாயெடுத்த சர்வரை அண்ணாச்சி கையைக் காட்டி அடக்கினார்.

"அ..."

மறுபடி மௌனம்.

"அ... அகிலா! லேக் கார்டன்ஸ்ல இருந்து அகிலா பேசறேன்!"

கடையே கைதட்டியது. அவளை யாரென்றே தெரியாத ஒரு பெங்காலி மாமா, "தாருண்! தாருண்!" என்று பெங்காலியில் 'பிரமாதம்' சொல்லிச் சாம்பார்க் கையோடு எழுந்து நின்றுவிட்டார். முகுந்துக்குக் கண் கலங்கிவிட்டது.

நெட் முடிந்ததும் கல்லாவுக்கு வந்தான்.

"தீதிக்கு எப்படி அண்ணாச்சி இவ்வளவு பக்குவம்? அவங்களுக்கும் திக்குமா?"

"யாரு, சங்கரிக்கா? பத்தாயிரம்வாலா சரம்லா அவ வாயி! நீ வர்றதுக்கு முன்னால அவ நடத்துன நெட்டு, இன்னிக்கு நீ நடத்துனதைவிட வேகமாப் போகும்டே."

"அப்புறம் எதுக்கு அந்த இடைவெளி?"

அண்ணாச்சி கல்லாவை மூடினார்.

"மைக்கைப் பிடிச்சதும் பேச்சு வந்துட்டுன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியுதியே, அன்னிக்கு நீ மைக்கை அமுக்கினதுக்கும் உனக்குப் பேச்சு வந்ததுக்கும் நடுவுல, நான் ஊத்தின ரவா தோசை வெந்து முறுகிட்டு. யாரையும் குறுக்க பேசவிடாம காத்துட்டு இருந்தவ அவதான்."

"அது எனக்கு மட்டும்தானே அண்ணாச்சி? அப்புறம் ஏன் எல்லாருக்கும்?"

"உனக்கு மட்டும் அப்படி விட்டா உனக்குத் தெரிஞ்சுபோயிரும்லா? அதான், மறுவாரத்துல இருந்து எங்க எல்லாருக்கும் அதே இடைவெளியை விட ஆரம்பிச்சா."