கசிவு

"நல்லா இருக்குற சிலிண்டர்ல இன்னாண்ணா பாக்கப்போற? காத்த நெரப்பிக் குடு, நான் கெளம்பறேன்."

கலையரசன் அவசரத்தில் இருந்தான். கச்சிராயபாளையம் பக்கத்தில் ஒரு பெரிய கிணறு. கயிறு அறுந்து மோட்டார் அடியில் கிடக்கிறது. மேலே கரும்பு காய்கிறது. விடிந்ததும் இறங்க வேண்டும். முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டு தண்ணீருக்குள் போகிற ஆள் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவன் ஒருத்தன்தான்.

தெய்வசிகாமணி காற்றை இறக்கிவிட்டு, வால்வைக் கழற்ற உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி சிலிண்டர், தீயணைப்பு சிலிண்டர் என்று எல்லாவற்றையும் சோதித்துக் கொடுக்கிற கடை அவருடையது. வருஷத்துக்கு ஒரு தடவையாவது உள்ளே விளக்கு விட்டுப் பார்க்காத சிலிண்டருக்கு அவர் காற்று நிரப்பமாட்டார். கள்ளக்குறிச்சிக்கே தெரிந்த பிடிவாதம் அது.

"போன தடவ பாண்டில போயி நெரப்புனியாமே?" கலையரசனுக்கு இடது பக்கம் உட்கார்ந்து ஸ்பேனரைத் திருப்பியபடியே கேட்டார்.

பதில் இல்லை. கலையரசன் மூக்கைப் பிடித்துக்கொண்டு, வாயை இறுக மூடி 'ம்ம்' என்று ஊதிக்கொண்டிருந்தான். ஆழத்தில் காது அடைக்காமல் இருக்க முக்குளிப்பவர்கள் செய்வது. இவனுக்குத் தரையிலும் விடாத பழக்கம்.

கம்ப்ரஸர் பக்கத்தில் நின்ற கோகிலவாணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தன் புருஷன் கேட்டதற்குப் பதில் சொன்னால் இவன் வாயிலிருந்து முத்து உதிர்ந்துவிடுமா? பாண்டிக்குப் போனதோடு நிற்கவில்லை. தெய்வசிகாமணி கடைக் காற்றில் டீசல் நாற்றம் என்று டீக்கடையில் வேறு சொல்லியிருக்கிறான்.

தெய்வசிகாமணி திடீரென்று கையைத் தூக்கினார். "கம்ப்ரஸர போடாத, இரு. எங்கியோ காத்து கசியுது."

கோகிலவாணி சோப்புத் தண்ணீரை எடுத்து குழாய், மூட்டு எல்லாவற்றிலும் தடவிப் பார்த்தாள். ஒரு குமிழிகூடக் கிளம்பவில்லை.

"எங்கயும் இல்லீங்க."

கலையரசன் மறுபடி மூக்கைப் பிடித்து ஊதினான்.

"தோ, கேக்குது பாரு," என்றார் தெய்வசிகாமணி. கலையரசனை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு சின்ன பல்பைச் சிலிண்டருக்குள் விட்டு, கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

எழுந்து கலையரசனுக்கு எதிரே வந்து நின்றார். "வால்வு மாட்டுற கழுத்து மரையில வெடிப்பு வுட்டிருக்குதுப்பா. இனிமே இது ஆவாது."

"இன்னாண்ணா சொல்ற? காட்டு, நானும் பாக்கறேன்."

காட்டவில்லை. டிரில்லை எடுத்தார். தேறாத சிலிண்டரை வேறெங்கும் நிரப்பிவிடக் கூடாது என்று அதில் ஓட்டை போட்டுவிடுவது அந்தக் கடை வழக்கம்தான். ஆனால் சொந்தக்காரனுக்குக் காட்டி, அவன் சரி என்ற பிறகுதான் போடுவார். அன்றைக்கு யாரையும் கேட்கவில்லை. கலையரசன் எழுந்து வருவதற்குள் ஓட்டை விழுந்துவிட்டது.

கலையரசன் குனிந்து அந்த ஓட்டையில் விரலை வைத்துப் பார்த்தான்.

"டீக்கடையில ஒரு வார்த்த சொன்னேன்னு தானேண்ணா? இருக்குறதே இந்த ஒரு சிலிண்டருதான். அதுக்குப் பொழப்புலயே ஓட்ட போட்டுட்ட. நல்லா இரு."

சிலிண்டரை அங்கேயே விட்டுவிட்டு வண்டியை உதைத்துக்கொண்டு போய்விட்டான். தெய்வசிகாமணி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார்.

கோகிலவாணிக்கு மனசு கேட்கவில்லை. திமிர் பிடித்தவன்தான், அதற்காக? பல்பை உள்ளே விட்டுப் பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கடையில் நிற்கிறவள், வெடிப்பு எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். மரை பளபளவென்று இருந்தது. துருவும் இல்லை, கீறலும் இல்லை.

தெய்வசிகாமணி பின்னாலிருந்து ஒரு மஞ்சள் சிலிண்டரை உருட்டிக்கொண்டு வந்தார். விற்பதற்காக மெட்ராஸிலிருந்து வாங்கி வைத்திருந்த புதுசு.

"வெடிப்பு எங்கங்க?"

"இல்ல."

"இல்லையா? இத சாதாரணமா சொல்றீங்க. அவன் பொண்டாட்டி செவ்வந்தி மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்? உங்க ரோஷத்துக்கு ஒரு குடும்பத்து சோத்துல மண்ண வாரிப் போட்டுட்டீங்களே."

"செவ்வந்திகிட்டதான் பேசிட்டு வரேன். நாளைக்கு அவன காது டாக்டராண்ட கூட்டிகினு போவும். மோட்டார எடுக்க பாண்டி ஆளுங்கள வரச்சொல்லிட்டேன்." மஞ்சள் சிலிண்டரைத் துணியால் துடைத்தார். "காது ஆறினதும் இத அவன்கிட்ட குடுத்துடு."

"இத அவன்கிட்டயே சொல்லியிருக்கலாம்ல?"

"ஜொரத்தோட கெணத்துல எறங்குறவன் அவன். சொன்னா சிரிச்சிகினே போயி எறங்குவான்."

"காதுல இன்னாங்க?"

"நீ சோப்புத்தண்ணி தடவித் தேடுனியே, அந்தக் கசிவு பைப்புல இல்ல கோகிலா. அவன் மூக்கப் புடிச்சி ஊதும்போதெல்லாம் எடது காதுலேர்ந்து வந்துது."

கோகிலவாணிக்கு அந்தப் பதில் வராத கேள்வி ஞாபகம் வந்தது. அவன் திமிரில் சும்மா இருக்கவில்லை. அந்தக் காதில் விழவே இல்லை.

"காது சவ்வுல ஓட்டையோட எறங்குனா தண்ணி உள்ள பூந்து, மேல எது கீழ எதுன்னு தெரியாம அடியிலயே கெடப்பான்," என்றார் தெய்வசிகாமணி. "அதான், சிலிண்டர்ல ஓட்ட போட்டேன்."