அக்டோபரில் வரும் பீப்பாய்

தக்கையை உருவியதும் ராய்ஸ் மூக்கைப் பீப்பாயின் துளையருகே கொண்டுபோனான்.

காலையில்தான் காலி செய்திருக்கிறார்கள். உள்ளே இன்னும் ஈரம். பக்கத்தில் மார்னியின் இப்போதைய கணவன் வெண்டல் நின்றிருந்ததால் ஆசைதீர முகர முடியவில்லை.

பத்து கேலன் பிடிக்கும் ஓக் மரப் பீப்பாய். ராய்ஸும் மார்னியும் கணவன் மனைவியாக இருந்தபோது, விஸ்கி ஊறவைத்துக் கழித்ததை ஓர் ஆலையில் வாங்கியது. விவாகரத்தில் வீடு அவனுக்கு, நாய் அவளுக்கு என்று ஆயிற்று. பீப்பாயை மட்டும் இருவருமே விடவில்லை. வீட்டில் காய்ச்சும் பீரை ஊறவைக்க ஆளுக்கு ஆறு மாதம் என்று பேசிக்கொண்டார்கள்.

காலியாகக் கிடந்தால் பலகை காய்ந்து ஒழுகத் தொடங்கிவிடும். ஒருவர் பீரை இறக்கிய அன்றே அடுத்தவர் நிரப்பியாக வேண்டும். அக்டோபரில் மார்னி தான் இருக்கும் மேடிசன் நகரிலிருந்து ஒரு மணி நேரம் ஓட்டிக்கொண்டு வந்து கொடுப்பாள். ஏப்ரலில் வந்து எடுத்துப்போவாள். இரண்டு முறையும் எஞ்சினை அணைக்க மாட்டாள்.

இந்த முறை தோள்வலி என்று வெண்டலை அனுப்பியிருந்தாள்.

பீப்பாய் வாங்கிய புதிதில் ஊற்றிய முதல் பீர் இரண்டே வாரத்தில் மரத்தின் காரத்தை வாங்கிக்கொண்டது. அடுத்ததற்கு இரண்டு மாதம் பிடித்தது. மூன்றாவதற்குப் பிறகு, கொடுப்பதற்கு மரத்திடம் சொந்தமாக எதுவும் மிச்சமில்லை. முன்பு உள்ளே என்ன கிடந்ததோ, அதைத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தது.

ராய்ஸுக்கு அது போதும்.

எப்படி இருக்கிறாய் என்று அவளைக் கேட்க வாய் வராது. துளையில் மூக்கை வைத்துத் தெரிந்துகொள்வான். ஒரு வருடம் காப்பிக் கருகல். தூக்கமில்லாமல் தவிக்கிறாள் என்று நினைத்து அந்த வாரம் அவனும் சரியாகத் தூங்கவில்லை. அடுத்த வருடம் புளிப்புச் செர்ரி. சிரித்துப் பேசிக்கொண்டே கொட்டை நீக்கியிருப்பாள். போன வருடம் வெறும் தேன்.

பதிலுக்கு அவனும் காய்ச்சினான். அவன் பேசத் தெரியாத ஆள். மார்னி போனதே அதனால்தான். சொல்ல முடியாததையெல்லாம் ஆரஞ்சுத் தோலாகவும் புகையேற்றிய பார்லி மால்ட்டாகவும் போட்டு, குளிர்காலம் முழுக்க அந்த மரத்தில் ஊறவிட்டான். அது கொஞ்சமாவது அவளுடைய பீரில் இறங்கும். முதல் மடக்கில் அவள் கண்ணை மூடுவதை, இங்கே கராஜில் நின்றபடியே அவனால் பார்க்க முடிந்தது.

இப்போது ப்ளம் பழ வாசம். கூடவே லேசாக மிளகு.

"இந்த வருஷம் மார்னி என்னென்ன போட்டா?" என்றான், சும்மா கேட்பதுபோல.

வெண்டல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். சொல்ல வேண்டாம் என்று அவள் சொல்லியிருந்தாளாம். ஆனாலும் சொன்னான். நாலு வருடமாகப் பார்லியும் கோதுமையும் அவள் குடலுக்கு ஆகவில்லை. அதனால் பீரில் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லை. பீப்பாய் வருவது நின்றுபோனால் ராய்ஸ் தாங்க மாட்டான் என்று, புத்தகம் வாங்கிவந்து வெண்டலைக் காய்ச்சக் கற்றுக்கொள்ள வைத்திருக்கிறாள்.

காப்பி வெண்டல் போட்டது. செர்ரியும் அவன்தான். தேனும்.

ராய்ஸ் தக்கையைக் கைக்குள் உருட்டிக்கொண்டே நின்றான்.

"உங்க ஆரஞ்சு வாசம் என் பீர்ல லேசா வருங்க. அதுக்காகவே ஒவ்வொரு மடக்கா நிறுத்தி நிறுத்திக் குடிப்பேன்" என்றான் வெண்டல். பிறகு ராய்ஸின் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "என்னோடத பத்தி யாருமே எதுவும் சொன்னதில்ல. அவளால குடிச்சுப் பாக்க முடியாது. பரவாயில்லாம வருதா?"

ராய்ஸ் மறுபடியும் துளையருகே குனிந்து முகர்ந்தான்.

"செர்ரி போட்ட வருஷம், சாயங்காலம் பூரா இது பக்கத்துலயே உக்காந்திருந்தேன்" என்றான்.

அதில் பொய் எதுவும் இல்லை.

வெண்டலின் முகம் காதுவரை சிவந்தது.