சம்பளத்துக்கு ஓரவஞ்சனை

குழல்விளக்கின் வெள்ளை வெளிச்சத்தில் மூன்று நாற்காலிகள். அவள் போடும் பச்சை ரப்பர் பந்து மீசைக்காரனிடம் போகிறது, அவனிடமிருந்து அவளிடமே திரும்புகிறது. இருவரும் இந்த உளவியல் ஆய்வுக்கூடத்தில் ஓரவஞ்சனை செய்வதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்கள். மூன்றாவது நாற்காலியில் இருக்கும் பெரியவருக்கு அது தெரியாது. தன்னைப் போல விளம்பரம் பார்த்து வந்தவர்கள் என்றே நினைத்திருக்கிறார். முதலில் அவருக்கும் பந்து வந்தது. இப்போது வருவதில்லை. ஒதுக்கப்படுகிறவரின் முகம் எப்படி மாறுகிறது என்பதைக் உள்ளிருப்பவர்களுக்கு மறுபக்கம் தெரியாத கண்ணாடிச் சுவருக்குப் பின்னாலிருந்து பேராசிரியர் படம் எடுத்துக்கொண்டிருக்கிறார். பெரியவரின் கைகள் கொஞ்ச நேரம் ஏந்தியபடியே நின்று, மெல்ல மடியில் இறங்குகின்றன. முகத்தைப் பார்க்காதே என்பதுதான் இந்த வேலையில் முதல் பாடம். அவள் அவருடைய சட்டைப் பொத்தான்களைப் பார்க்கிறாள். அவற்றில் ஒன்று மட்டும் வேறு நிறம். கண்ணாடியில் விரல் தட்டும் சத்தம் கேட்கிறது. அவ்வளவுதான், முடிந்தது. வந்தவர் யாரும் மனத்தாங்கலோடு வெளியே போகக்கூடாது என்பது இங்கே விதி. உண்மையைச் சொல்லி, அவருக்கே பந்தைப் போட்டு விளையாடவிட்டு அனுப்ப வேண்டும். “அத்தனையும் நடிப்புதாங்க ஐயா, மனசுல வச்சுக்காதீங்க,” என்கிறாள். “அட, அப்படியா சங்கதி!” என்று சிரிக்கிறார். “இந்தாங்க, இனிமே உங்களுக்குத்தான்,” என்று அவள் பந்தைப் போடுகிறாள். அது அவர் மார்பில் பட்டு, மடியில் கிடக்கும் கைகளின் மேல் விழுந்து, தரையில் உருண்டு ஓடுகிறது. கைகள் அசையவில்லை. சிரிப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. “நீங்க ரெண்டு பேரும் ஆடுங்கம்மா,” என்கிறார், சொல்லிச் சொல்லிப் பழகிய குரலில். “நான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”